ஓடாமலிருக்க ஒரு சீட்டு

மனிதனுக்கு நெஞ்சுத் துடிப்பை எண்ணித்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று இருபது வயதுவரை நம்பினேன். பிறக்கும்போதே இத்தனை கோடி என்று அளந்து உள்ளே வைத்துவிடுகிறார்கள்; நடந்தால் மெல்லச் செலவாகும், ஓடினால் மளமளவென்று கரையும், கடைசித் துடிப்பு தீர்ந்த இடத்தில் ஆள் விழுவான். பள்ளியில் உயிரியல் படித்து, தவளையை அறுத்து, வகுப்பிலேயே நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான் இப்படி நம்பினேன். தவளைக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம்.

இந்த ஞானம் அம்மாவின் தம்பியிடமிருந்து வந்தது. மாமா குருபோங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கோப்பைகளில் இறங்கிய பால் தண்ணீராகிவிடுமே என்று வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடியவர், ஏழாவதோ எட்டாவதோ மரத்தடியில் விழுந்தார். எழவில்லை. வயது முப்பத்திரண்டு. எனக்கு அப்போது ஒன்பது. வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் மட்டும் ஏழா எட்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நான் எதற்கும் ஓடியதில்லை. பஸ் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். நாய் துரத்தினால் நின்றுவிடுவேன். நாய்க்கே குழப்பமாகி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடும்.

மாமா காய்ச்சலில் இறந்தார் என்றுதான் வெளியே சொல்ல வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டாள். நெஞ்சு நின்று செத்த ஆள் உள்ள குடும்பத்தில் பெண் எடுக்க யோசிப்பார்கள். பிணம் வீட்டில் கிடக்கும்போதே அம்மா அக்காவின் கல்யாணத்தை நினைத்துவிட்டாள். அக்காவுக்கு அப்போது பதினாலு.

பதினோரு வருடம் அந்தக் காய்ச்சல் நன்றாகவே வேலை செய்தது. நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து மூன்றாம் வருடம், மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு நல்ல சேதிகள் வந்தன. ஒன்று, கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம். எங்கள் வரிசை வீடுகளில் அதுவரை யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இன்னொன்று, அக்காவுக்கு வரன். மாப்பிள்ளை தமிழ்ப் பள்ளி ஆசிரியர். அவருடைய அப்பா ஆயர் குரோ பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி. கணக்கு, கடிதம், ஆள் பதிவு எல்லாம் அவர் கையில்தான்.

அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தாள். பக்கத்தில் சிட்டி வீடுகள், பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறித் தமிழை மறந்து மலாய் பேசும் நம்மவர்கள்; அந்த வீட்டுப் பெண்கள் கெபாயா என்ற பூப்போட்ட மலாய்ச் சட்டை தைக்க அவளிடம்தான் வருவார்கள். பெண் பார்க்க வந்த அன்று மெஷினில் பாதி தைத்த கெபாயா ஒன்று கிடந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்து, "இந்தப் பூவெல்லாம் கையால போட்டதா, மெஷின்லயா?" என்று கேட்டார். அதற்கு முன் வந்த நாலு பேரும் சமையல் தெரியுமா என்றுதான் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு, யாரைப் பற்றியும் நல்ல வார்த்தை சொல்லாத அக்கா, "இந்த ஆளு பரவால்லம்மா" என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு காதல் வசனம் கிடையாது. வரும் தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூர் போனேன். முதல் வாரமே இடி விழுந்தது.

புது மாணவர்களைத் திடலில் நிற்கவைத்து, உடற்பயிற்சிக்குப் பொறுப்பானவர் பேசினார். ராணுவத்தில் இருந்தவர், மீசை கூட நேராக நின்றது. ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள், கட்டம் கட்டமாக. வாரத்தில் இரண்டு காலை உடற்பயிற்சி, சனிக்கிழமை உடல்நல வகுப்பு: என்ன தின்பது, எப்படித் தூங்குவது, பல்லை எப்படி விளக்குவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை. வருடக் கடைசியில் ஒரு மைல் ஓட்டம்.

"புது நாட்டுக்கு மூளை மட்டும் போதாது, உடம்பும் வேண்டும். அட்டை நிரம்பாதவன் பரீட்சை மண்டபத்துக்குள் கால் வைக்க முடியாது" என்றார்.

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் மனக்கணக்கு போட்டேன். ஒரு மைல் என்றால் எத்தனை மரம்?

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாலாவது நாள் பல்கலைக்கழகத்து டாக்டரிடம் போய் நின்றேன். நான் ஏமாற்றப் போகவில்லை, சத்தியமாக. எனக்குச் சாவு நெருங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். அவர் குழாயை நெஞ்சில் வைத்ததும் உள்ளே ஒரு கல்யாண மேளமே கிளம்பிவிட்டது. டாக்டர் குழாயை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மேளம் இன்னும் வேகமாயிற்று.

"குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சுக் கோளாறு?"

பதினோரு வருடம் நாங்கள் வீட்டோடு காப்பாற்றிய விஷயத்தை, பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் அரை நிமிஷத்தில் கொட்டினேன். மழை, வாளி, ஏழாவது மரம், எல்லாம். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். கடினமான உடற்பயிற்சி எதுவும் கூடாது. ஓட்டத்திலிருந்து முழு விலக்கு.

சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பத்தடி நடப்பதற்குள் நெஞ்சு சாதுவாக அடங்கிவிட்டது. நோய் இல்லை, பயம்தான் என்று அந்தப் பத்தாவது அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். நேரே கோப்பிக் கடைக்குப் போய் ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று நாள் பசி.

விலக்கு வாங்கியவர்களுக்கு மரத்தடியில் ஒரு பெஞ்சு. மற்றவர்கள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமைப் பாடத்தைச் சுருக்கி எழுத வேண்டும். என்னோடு இன்னொருவன் இருந்தான், சிரம்பானிலிருந்து வந்தவன். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போனவன். பந்து பக்கத்தில் உருண்டு வந்தால் கைத்தடியால் தடுத்துத் திருப்பி அடிப்பான். ஒருநாள் என்னைக் கேட்டான்: "உனக்கு என்னா?"

"நெஞ்சு."

மேலும் கீழும் பார்த்தான். "பேசாம என் காலை நீ எடுத்துக்க, உன் நெஞ்சை எனக்குக் குடு. நான் ஓடிட்டு வந்து திருப்பித் தர்றேன்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருந்தது. மாணவன் உடம்பு சரியில்லாதவன் என்றால் வீட்டுக்குத் தெரிவிப்பது பல்கலைக்கழகத்தின் வழக்கமாம். அப்பாவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் போயிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பா நகரசபையில் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். ஆங்கிலம் தெரியாது. எங்கள் தெருவில் ஆங்கிலக் கடிதம் வந்தால் முனை மளிகைக் கடைக்குத்தான் போகும். கடைக்காரர் பாய் கல்லாவில் உட்கார்ந்தபடி படித்து, தமிழில் சொல்வார். சிட்டி வீட்டுக்காரர்கள் கடிதமென்றால் மலாயில் சொல்வார். கடிதத்தின் தலையில் பல்கலைக்கழகத்தின் முத்திரையைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகன் முதலாவதாக வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். சாயங்காலம், கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரம் பார்த்துப் போனார்.

"பாய், கொஞ்சம் சத்தமாப் படிங்க. நாலு பேரு கேக்கட்டும்."

பாய் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார். "உங்க மகனை டாக்டர் சோதிச்சுப் பாத்ததுல..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார். "அண்ணே, உள்ள வாங்க, தனியாப் படிக்கலாம்."

"அட, படிங்க பாய்! நம்ம ஆளுங்கதானே!"

பாய் படித்தார். "நெஞ்சு பலவீனமா இருக்கு. ஓட விடக்கூடாது. தாய்மாமனும் சின்ன வயசுல நெஞ்சு நின்னு மௌத்தானதால, குடும்பத்துல வர்ற நோயா இருக்கலாம். வீட்டுல கவனமாப் பாத்துக்கணும்..."

வெங்காயம் வாங்க வந்த பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. "அப்பா சக்கிட்?" என்று மலாயில் கேட்டார், என்ன நோய் என்று. பாய் பேசாமல் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். இரண்டு மொழியிலும் விஷயம் முடிந்தது. பொழுது சாய்வதற்குள் தெங்கேரா வரை போய்விட்டது.

உடனே வா என்று தந்தி வந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து மலாக்காவுக்கு வந்தேன். வீட்டில் எனக்கு ஜன்னலோரம் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். அம்மா கறியில் தேங்காய்ப்பாலை நிறுத்தி, உப்பையும் பாதியாக்கிவிட்டாள். பார்லிக் கஞ்சி மட்டும் மணிக்கொரு தரம் வந்தது. சிட்டி அம்மா வந்து கன்னத்தைத் தடவி, "கெசியான், மூடா லாகி" என்றார். பாவம், சின்ன வயசு என்று. ஊரே வந்து பிணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனது. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் கஞ்சி நின்றிருக்கும். நான் மூன்று நாள் கஞ்சியைக் குடித்தேன். நோயாளியாக இருப்பது, உண்மையைச் சொல்வதைவிடச் சுலபமாக இருந்தது.

நாலாவது நாள் தரகர் வந்தார்.

"கிராணி வீட்ல யோசிக்கறாங்கம்மா. பொண்ணைக் குறை சொல்லல. ஆனா மாமன், இப்ப தம்பி... நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கு வந்துடுமோன்னு பயப்படறாங்க. ஏம்மா, உங்க தம்பி காய்ச்சல்லதானே போனாருன்னு எங்கிட்டயே சொன்னீங்க?"

உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

தரகர் போனதும் அக்கா என்னைப் பின்பக்கம் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். "இறைடா" என்றாள்.

"அக்கா, எனக்கு நெஞ்சு..."

"இறைடான்னா."

இறைத்தேன். தொட்டி நிரம்பியது. அதைக் கீழே திறந்துவிட்டு மறுபடி இறைக்கச் சொன்னாள். இருபது வாளி இருக்கும். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தோட்டத்து மாடு மாதிரி இறைச்சிருக்க. உனக்கு ஒரு மண்ணும் இல்ல. சொல்லு."

சொன்னேன். டாக்டர், மேளம், பத்தடி, ரொட்டி முட்டை வரைக்கும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம்தான் அவள் கண்ணைப் பார்த்தேன்.

"ஓட பயந்துகிட்டு, சாகப்போறேன்னு எழுதி வாங்கிட்டு வந்திருக்க."

"நான் வேணும்னு செய்யலக்கா."

"தெரியும்டா. நீ எதையும் வேணும்னு செய்யறதில்ல." வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "ஓடு. அவங்களைக் கூப்பிட்டு வெச்சு, அவங்க கண்ணு முன்னால ஓடிக் காட்டு."

அப்பா சைக்கிளில் ஆயர் குரோ போய்க் கிராணியிடம் கெஞ்சினார். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள், பிறகு உங்கள் இஷ்டம் என்று. ஞாயிற்றுக்கிழமை காலை, பண்டார் ஹிலிர் திடலில் நாலு சுற்று, ஏறக்குறைய ஒரு மைல். மெர்டேக்கா தேதியை அறிவித்த அதே திடல். அன்றைக்கு ஊரே ஓடிவந்தது. நான் நடந்தே வந்து, பாதிப் பேச்சைத் தவறவிட்டேன். என்னிடம் அரைக்கால் சட்டை கிடையாது. அக்கா வெள்ளைத் துணியில் ஒன்று தைத்துக் கொடுத்தாள். இடுப்பு அளவு எடுக்கும்போது, "சாகறதா இருந்தா நாலு சுத்து முடிஞ்சதும் சாவு" என்றாள்.

கிராணி மோட்டார் சைக்கிளில் வந்தார். வெள்ளை முழுக்கால் சட்டை, பளபளக்கும் சப்பாத்து. பின்னால் அவருடைய மைத்துனர். தோட்டத்து மருத்துவமனையில் டிரசர், டாக்டர் இல்லாத நாளில் அவர்தான் டாக்டர், கழுத்தில் குழாயோடு. மாப்பிள்ளை வரவில்லை.

டிரசர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னா தம்பி, இன்னும் ஓடவே இல்ல, இப்படிக் குதிக்குது?"

"அது எப்பவும் முன்னாலயே கிளம்பிடும் சார். நான் பின்னால போவேன்."

டிரசர் சிரித்துவிட்டார். கிராணி சிரிக்கவில்லை.

ஓடினேன். பதினோரு வருடத்தில் முதல்முறையாக. முதல் சுற்று முழுக்கச் சாவுக்குக் காத்திருந்தேன். திடலோர மரங்களை எண்ணிக்கொண்டே போனேன். ஏழாவது மரம் வந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். எட்டாவது வந்தது. ஒன்பது, பத்து. எனக்குச் சந்தோஷம் வரவில்லை; இத்தனை வருடம் எதை நம்பிக்கொண்டிருந்தேன் என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். மூன்றாம் சுற்றில் விலாவில் யாரோ கத்தியைச் செருகினார்கள். கால் பின்னியது. பக்கத்தில் சத்தம் கேட்டுத் திரும்பினால், அப்பா. காக்கிக் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னோடு ஓடிவந்தார்.

"நிக்காதய்யா. ஒரு சுத்துதான். நிக்காத."

எனக்கு அவர் நெஞ்சை நினைத்துப் பயமாக இருந்தது. நில்லுங்கள் என்று சொல்ல மூச்சில்லை. இருவரும் அந்தக் கடைசிச் சுற்றை முடித்தோம். நான் புல்லில் விழுந்து பார்லிக் கஞ்சியை எல்லாம் வாந்தியெடுத்தேன்.

டிரசர் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். முன்னால், பின்னால், படுக்கவைத்து. பிறகு எழுந்து கிராணியிடம், "ஒரு குறையும் இல்ல மாமா. குதிரை நெஞ்சு" என்றார்.

அப்பா செருப்பைப் போட்டுக்கொள்ள மறந்து கையிலேயே பிடித்தபடி அழுதார். நான் உட்கார்ந்து பல்லைக் காட்டினேன். கிராணி தன் கைக்குட்டையை நீட்டினார். "வாயைத் துடைச்சுக்குங்க." துடைத்தேன்.

"அப்ப அந்த டாக்டர் சீட்டு?"

டாக்டர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஆனால் ஓடி முடித்த திமிர். அந்த நிமிஷம் எல்லாமே எனக்கு வேடிக்கையாகத் தெரிந்தது. சொன்னால் அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"பயம் சார். ஓடணும்னாங்க, நடுங்கிட்டேன். டாக்டர் அதை நோய்னு எழுதிட்டாரு. நானும் அப்படியே விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்க."

"ஆமா சார்."

அவர் அப்பாவிடம் திரும்பினார். "உங்க மச்சான்? காய்ச்சலா, நெஞ்சா?"

அப்பா என்னைப் பார்த்தார், திடலைப் பார்த்தார். "நெஞ்சுதாங்க" என்றார்.

கிராணி தலையசைத்தார். கோபப்படவில்லை, இன்னும் கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கைக்குட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போயிற்று.

புதன்கிழமை தரகர் வந்தார். உட்காரவில்லை.

"பையன் நெஞ்சு நல்லாத்தான் இருக்காம், அவங்களே சொல்றாங்க. நோயா இருந்தாக்கூட யோசிச்சிருப்போம்னாரு கிராணி. செத்தவனுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க, நல்லா இருக்கறவனுக்கு நோய்னு சொன்னாங்க, இந்த வீட்ல எதைத்தான் நம்பறதுன்னு கேக்கறாரு. நான் என்னா பதில் சொல்றது?"

அக்கா மெஷினை விட்டு எழுந்து வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவரு சொல்றது சரிதானேம்மா" என்றாள். பிறகு என்னிடம், "உனக்குக் காலேஜ் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் என் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அந்த வெள்ளை அரைக்கால் சட்டையையும் மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

திரும்பிப் போனதும் முதல் வேலையாக அந்த மீசைக்காரரிடம் உண்மையைச் சொல்லி, ஓடிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் அறை வாசலில் போய் நின்றேன். ஏமாற்றினாய் என்று வெளியே அனுப்பிவிட்டால்? இதுவரை வாங்கிய முத்திரைகளை மறுபடி முதலிலிருந்து வாங்கு என்றால்? உள்ளே மேளம் கிளம்பியது. கதவைத் தட்டவில்லை. மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். சிரம்பான்காரன், "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டான். பரவாயில்லை என்றேன்.

வருடக் கடைசியில் எல்லோரும் அந்த ஒரு மைல் ஓடினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, ஓடி முடித்தவர்கள் பெயருக்கு எதிரே நேரத்தைக் குறித்தேன். என் அட்டையில் ஓட்டத்துக்கான கட்டத்தில் 'விலக்கு' என்று முத்திரை விழுந்தது. பரீட்சை எழுதினேன், தேறினேன், உரிய காலத்தில் பட்டம் வாங்கினேன். அக்காவைப் பார்த்த அந்த ஆசிரியர் அடுத்த ஆவணியில் மூவாரில் பெண் எடுத்தார். அக்காவுக்கு அதற்குப் பிறகு இரண்டு வரன்கள் வந்தன. இரண்டும் விசாரித்துவிட்டு நின்றுபோயின. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை.